கமெண்டுக்குள் எழுதியது

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கும். எதிர்ப்பக்கம் கோடில்லாமல் வெள்ளையாக இருக்கும். சோதனையைக் கோடு போட்ட பக்கத்தில் எழுத வேண்டும், குடுவையையும் பர்னரையும் வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் வரைய வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் நான் நான்கு சோதனைகள்தான் எழுதியிருந்தேன். மீதிப் பக்கங்கள் அப்படியே கிடந்தன. பிசிக்ஸ், பயாலஜி நோட்டுகளும் அப்படித்தான். படிப்பை நிறுத்திய பிறகு அந்த மூன்று நோட்டுகளில்தான் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டேன்.

கோடு போட்ட பக்கத்தில் கோடிங் எழுதுவேன். அது திரையில் எப்படித் தெரியும் என்று வெள்ளைப் பக்கத்தில் வரைவேன். மேலே ஒரு பட்டை, அதில் நான்கு பெயர்கள், கீழே ஒரு பெரிய படம், படத்துக்கு அடியில் மூன்று பெட்டிகள். வரைந்து முடித்த பிறகுதான் போனில் டைப் செய்து பார்ப்பேன். பெரும்பாலும் வரைந்தது போலவே வரும். வந்தபோது சந்தோஷமாக இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

போன் அண்ணனுடையது. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனபோது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, திரையில் விரிசல் விட்ட பழையதை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். எங்கள் தெரு கோட்டை மலைக்குப் பின்னால் இருக்கிறது. டவர் மலைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள் சிக்னல் வராது. பின்னால் வேலிக்காத்தான் புதரைத் தாண்டி ஒரு பாறை உண்டு. அதன் மேல் ஏறி வடக்கே பார்த்து உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். காலை பத்து மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும். அதற்குள் இரண்டு வீடியோ பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு இறங்கிவிடுவேன். அம்மா களை எடுக்கக் கொல்லைக்கும், நைனா மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கவும் போயிருப்பார்கள். மீதிப் பகல் முழுவதும் எழுதியதை வரைந்துகொண்டிருப்பேன்.

மொத்தம் அறுபத்திரண்டு பாகம், எல்லாம் இலவசம். சொல்லித்தருகிற சாரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலும் ஒரு வெள்ளை அம்புக்குறியும்தான். ‘வணக்கம் பிரெண்ட்ஸ்’ என்று தொடங்குவார். பின்னால் ஃபேன் ஓடும். பதினெட்டாம் பாகத்தில் குக்கர் விசிலடிக்கும். ‘ஒரு நிமிஷம்’ என்று எழுந்து போவார், அம்புக்குறி மட்டும் நடுத்திரையில் நிற்கும். அந்த இடத்தை அவர் வெட்டி எடுக்கவில்லை. நானும் தள்ளிவிடாமல் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் சந்தேகம் கேட்டிருப்பார்கள். நான் ஒரு தடவையும் எதுவும் கேட்டதில்லை.

அவரிடம் இருந்தது கம்ப்யூட்டர். ‘இங்க ரைட் கிளிக் பண்ணுங்க’ என்று அடிக்கடி சொல்வார். போனில் ரைட் கிளிக் கிடையாது. அந்த இடம் வரும்போதெல்லாம் நோட்டில் ‘ரை.கி., போனில் இல்லை’ என்று எழுதிவிட்டு வீடியோவை நகர்த்திவிடுவேன். அப்படித் தாண்டியது இருபது இருபத்தைந்து இடம் இருக்கும். அது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கான பாடம் என்று நினைத்தேன்.

ஆறாம் பாகத்தில் கமெண்ட் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சில குறிகளைப் போட்டுத் திறந்து, சில குறிகளைப் போட்டு மூட வேண்டும். நடுவில் எதை எழுதினாலும் திரையில் வராது.

‘இதுக்குள்ள நீங்க என்ன வேணா எழுதிக்கலாம் பிரெண்ட்ஸ். பாக்கறவங்களுக்குத் தெரியாது. இது நமக்கு மட்டும்தான். நல்ல டெவலப்பர் ஒவ்வொரு செக்‌ஷனுக்கு மேலயும் ஒரு கமெண்ட் எழுதி வெப்பாரு.’

அன்று நான் முதலில் எழுதிய கமெண்ட், ‘இன்று வெயில்.’ வெள்ளைப் பக்கத்தில் அதை வரைய வேண்டியிருக்கவில்லை. போனில் போட்டுப் பார்த்தேன். திரையில் அது இல்லை. உள்ளே இருந்தது, வெளியே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிரண்டு எழுதினேன். ‘நைனா குடித்துவிட்டு வந்து எதுவும் பேசாமல் படுத்துவிட்டார்.’ ‘குரங்கு அரிசியைக் கொட்டிவிட்டது, அம்மா என்னைத் திட்டினாள், குரங்கைத் திட்டவில்லை.’ ‘இன்று எதுவும் தோன்றவில்லை.’ சும்மா நோட்டில் எழுதியிருந்தால் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்திருக்கும். கோடிங்குக்கு நடுவில் அந்தக் குறிகளுக்குள் எழுதும்போது அது கோடிங் மாதிரியே இருந்தது.

நான் படிப்பை நிறுத்தியதற்கு எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா வரப்பில் வழுக்கி விழுந்து இடது கை முறிந்துவிட்டது. புத்தூர் கட்டுப் போட்டு மூன்று வாரம் வீட்டில் இருந்தாள். சமைக்க, தண்ணீர் பிடிக்க நானும் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு நாள்தான் பள்ளிக்கூடம் போனேன். யார் கேட்டாலும் அம்மாவே முந்திக்கொண்டு, ‘என் கை ஒடிஞ்சிது, எம் பொண்ணு படிப்பு பூட்ச்சி’ என்பாள். டீச்சர் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார். நான் பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா டீச்சரிடமும் கையைத்தான் காட்டினாள்.

போன மாதம் எனக்குப் பதினெட்டு முடிந்தது. ஷூ கம்பெனியில் பதினெட்டு முடிந்தால்தான் எடுப்பார்கள். பக்கத்து வீட்டு அறிவுமதி ஒரு வருடமாகப் போகிறாள். விடியற்காலை ஐந்தரைக்கு வேன், சாலைகள் சேருகிற கூட்ரோட்டில் நிற்கும். இரவு எட்டுக்குத் திரும்பி வரும்போது அவள் மேல் பசை வாசனை அடிக்கும். வேனுக்கு ஆள் எடுக்கிற எழிலன் என் ஆதார் அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வருகிற திங்கட்கிழமை முதல் என்று பேச்சு.

அந்த வாரத்தில்தான் அம்மா ஒரு நாள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை எடுத்துவிட்டு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

“ஏய் குழலி, நம்ம கொல்லக்காரவங்க வூட்டு சுதா பாப்பா கூட்ரோட்டுல ஆபீஸ் வெச்சிருக்குதாமே. கம்ப்யூட்டர்ல இன்னாமோ பண்றாங்களாம். ஒரு பொண்ணு வேணுமாம். நீ போன்ல அதத்தான பண்ணிகினு கீற?”

“ம்.”

“இன்னா ம்? ஆமாவா, இல்லியா?”

“ஆமா.”

“வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா ஒனக்கு?”

அம்மா களை எடுக்கிற நிலம் ஜெயசுதாவின் அப்பாவுடையது. ஜெயசுதாவுக்கு முப்பது வயது இருக்கும். சென்னையில் கம்பெனியில் இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வந்து, பள்ளிக்கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறாள். அம்மா போனில் பேசினாள். மறுநாள் என் போனுக்கு ஆறு போட்டோவும் ஒரு வாய்ஸ் மெசேஜும் வந்தன.

‘பூங்குழலிதானே? இது எங்க மாமா கட்டியிருக்கற மண்டபம், ஜெயராமன் மகால். இதுக்கு ஒரு பேஜ் பண்ணி லிங்க் அனுப்பு. டெஸ்ட்டுன்னு வெச்சிக்கோ. நல்லா இருந்தா சேத்துக்கறேன். இல்லன்னா சொல்லிடுவேன், தப்பா எடுத்துக்கக் கூடாது.’

“ஒரு வாட்டி பண்ணிப் பாரு,” என்றாள் அம்மா. “ஆவலன்னா திங்கக்கெழம வேனு. இன்னா சொல்ற?”

எனக்கு வேன் பயமில்லை. வேனில் ஏறினால் ஏறியதுதான் என்று தோன்றியது. அறிவுமதிக்குப் போன வருடம் இருந்த குரல் இப்போது இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்குகிறாள். அதைப் பார்த்தபோதும் எனக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஆனால் பாறைக்குப் போக முடியாது. கோடு போட்ட பக்கம் மீதி இருக்கும். அதை மட்டும் ஒரு தடவை நினைத்தேன்.

நான்கு நாளில் அந்தப் பக்கத்தைச் செய்தேன். முதலில் நோட்டில் எழுதினேன், எப்போதும் போல. மேலே மண்டபத்தின் பெயர், அதற்குக் கீழே முகப்புப் படம், பின்னால் மலை தெரிகிற மாதிரி எடுத்தது. பிறகு திருமண ஹால், டைனிங் ஹால், கார் நிறுத்தும் இடம். கடைசியில் போன் நம்பரும் வழியும். ஒவ்வொரு பகுதிக்கு மேலும் ஒரு கமெண்ட் எழுதினேன். நல்ல டெவலப்பர் எழுதி வைப்பார் என்று சார் சொல்லியிருந்தார். ஆனால் நான் எழுதியது பகுதியின் பெயரை இல்லை. எனக்குப் பழகிப்போனதைத்தான் எழுதினேன். பிறகு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி விடாமல் போனில் அடித்தேன். ஐம்பத்தெட்டாம் பாகத்தில் சொன்ன இலவச இடத்தில் ஏற்றினேன். அறிவுமதியின் போனில் லிங்க்கைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். மண்டபம் மட்டும்தான் தெரிந்தது. லிங்க்கை அனுப்பினேன்.

ஜெயசுதாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு, ‘சனிக்கிழமை காலைல பத்தரைக்கு ஆபீஸ் வா. அம்மாவையும் கூட்டினு வா.’

ஆபீஸ் கூட்ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏசி போட்டிருந்தார்கள். மூன்று கம்ப்யூட்டர், சுவரில் ஒரு பெரிய டிவி. விமல்ராஜ் என்று ஒருவர் ஒரு கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை செய்துகொண்டிருந்தார். அம்மா செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

“உள்ள வா வசந்தா. ஏசி வெளிய போவுது பார்,” என்றாள் ஜெயசுதா. அம்மாவுக்கு அவளைவிடப் பத்து வயதாவது அதிகம்.

“இருக்கட்டும் பாப்பா.” அம்மா ஒரு அடி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அதற்கு மேல் வரவில்லை.

“இதுல உக்காரு,” என்று ஜெயசுதா எனக்கு ஒரு நாற்காலியைத் தள்ளினாள். “நல்லா பண்ணியிருக்கியே. மாமாவுக்கும் ரொம்பப் புடிச்சிடுச்சி. எங்க சொந்தக்காரங்க குரூப்புலகூட லிங்க்கப் போட்டுட்டேன். மாமா பதினோரு மணிக்கு வராரு, பெரிய டிவில பாக்கணுமாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் லேசாகி இருந்தது.

“எந்த காலேஜிக்கா?” என்று விமல்ராஜ் கேட்டார்.

“காலேஜி இல்ல. வீடியோ பாத்து கத்துகிச்சாம்.”

“போன்லயா? சும்மா சொல்லாதக்கா.”

“நீயாவே பண்ணியா?” ஜெயசுதா என் பக்கம் திரும்பினாள். “எங்கியாவது ரெடிமேடா எடுத்து பேர மட்டும் மாத்திட்டியா? நெறைய பேரு அப்பிடித்தான் பண்றாங்க. சொல்லிடு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நானே செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

“சோர்ஸப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது,” என்றார் விமல்ராஜ்.

ஜெயசுதா மவுஸின் வலது பக்கத்தை அமுக்கினாள். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் ஒரு வரியைத் தொட்டாள். மண்டபம் போய்விட்டது. டிவி முழுவதும் நான் அடித்த கோடிங் வந்து நின்றது, வெள்ளைப் பின்னணியில், வரி எண்களோடு. நடுநடுவே பச்சை நிறத்தில் தமிழ்.

நான் அறுபத்திரண்டு பாகம் பார்த்திருக்கிறேன். இதுவரை அதைப் பார்த்ததில்லை. ரை.கி., போனில் இல்லை.

“இன்னாது இது?” விமல்ராஜ் நாற்காலியோடு உருண்டு வந்தார். சத்தமாகப் படித்தார். “‘இன்று எதுவும் தோன்றவில்லை. வெயில். பாறையில் கால் வைக்க முடியவில்லை.’ இன்னாக்கா, வானில அறிக்கயா?” அவர் சிரித்தார். ஜெயசுதாவும் கொஞ்சம் சிரித்தாள். “‘அறிவுமதி எட்டு மணிக்கு வந்தாள். சோறு போட்டதும் தட்டின் மேலேயே தூங்கிவிட்டாள். அவள் அம்மா கையைக் கழுவி விட்டாள்.’ கதை எழுதுறியா பாப்பா நீ?”

அம்மா கதவோரத்திலிருந்து, “இன்னா படிக்குது அந்தத் தம்பி?” என்றாள்.

எனக்குக் காதில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து ஓட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. டிவியில் வேறு யாரோ எழுதியது ஓடுவது போல இருந்தது.

ஜெயசுதா கீழே நகர்த்தினாள். டைனிங் ஹால் பகுதிக்கு மேலே இருந்ததை அவளே மெதுவாகப் படித்தாள். “‘இந்த மண்டபத்துக்கு அம்மாவோடு பாத்திரம் தேய்க்க ஒரு தடவை வந்திருக்கிறேன். எங்களுக்குச் சாப்பாடு இந்த ஹாலில் இல்லை. பின்னால் கேஸ் சிலிண்டர் பக்கத்தில். எல்லாரும் சாப்பிட்ட பிறகு. அப்பளம் தீர்ந்துவிட்டது.’”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “எங்க மாமா மண்டபத்துலயா?”

“அது எப்பவோ ஒரு வாட்டி பாப்பா,” அம்மா அவசரமாக முன்னால் வந்தாள். “சமையக்காரரு கூட்டினு போனாரு. வேலக்காரவங்க எல்லாம் அங்கதான் துன்னாங்க. இதுக்கு இன்னா தெரியும், சின்னப்புள்ள, தெரியாம எழுதிடுச்சி. மன்னிச்சுக்கோ பாப்பா. ஏய், எழுந்து நின்னு சொல்லுடி.”

நான் எழுந்து நின்றேன். சொல்லவில்லை.

“நீ உக்காரு,” என்றாள் ஜெயசுதா. அவளுக்குக் கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கழுத்தில் இருந்த செயினைத் திருகிக்கொண்டிருந்தாள். “இது லைவ்ல கீதுடி. யார் வேணா பாக்கலாம். குரூப்புல நாப்பது பேரு இருக்காங்க. அதுல எங்க அத்தப் பையன் ரெண்டு பேரு ஐடி.”

விமல்ராஜ் மவுஸை வாங்கிக் கடைசி வரை இறக்கினார். “‘பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்கு...’” என்று ஆரம்பித்தவர், உதடு அசைய உள்ளுக்குள்ளேயே மீதியைப் படித்தார். பிறகு சட்டென்று மேலே ஏற்றிவிட்டார்.

“இன்னா தம்பி நிறுத்திட்ட? படி,” என்றாள் அம்மா.

“இல்லக்கா. அது இங்கிலீசு.”

“தமிழ்தான தெரிஞ்சிது. பள்ளிக்கூடம்னு படிச்சியே.”

“கோடிங்கா. ஒனக்குப் புரியாது.”

“கீழ எறக்கு,” என்றாள் அம்மா.

விமல்ராஜ் ஜெயசுதாவைப் பார்த்தார். ஜெயசுதா என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமல்ராஜ் இறக்கினார்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். பஸ் போர்டு படிப்பாள், ரேஷன் கடையில் ஒட்டியிருப்பதைப் படிப்பாள். டிவிக்கு அருகில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைக் குவித்துப் படிக்க ஆரம்பித்தாள். நான் எழுதியது எனக்குத் தெரியும். ஆனால் அவள் படிக்கிற வேகத்தில் அது வேறு நீளமாக இருந்தது.

‘பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்கு அம்மாவின் கை காரணம் இல்லை. கை சரியான பிறகு ஒரு நாள் போனேன். அன்று ஸ்காலர்ஷிப் லிஸ்ட் வாசித்து எங்கள் ஆட்களை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஏழு பேர் நின்றோம். உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பாட்டிலில்தான் குடிப்போம். மதியம் கேட்டேன். காலி என்றாள். பை கனமாக இருந்தது. அவ்வளவுதான். இதுதான் காரணமா என்று எனக்கும் தெரியவில்லை. மறுநாள் போகவில்லை.’

அம்மா ‘காரணம் இல்லை’ என்ற இடத்தில் நின்றாள். திரும்ப அந்த வரியின் முதலுக்குப் போனாள்.

“டைம் ஆவுது,” என்று ஜெயசுதா மெதுவாகச் சொன்னாள். “மாமா வந்துடுவாரு. இத எடுத்துடணும்.”

“இரு பாப்பா,” என்றாள் அம்மா, திரும்பாமல். “நான் இன்னும் முடிக்கல.”

ஜெயசுதாவிடம் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கொல்லையில் அவர்கள் வீட்டுக் குழந்தை கூப்பிட்டாலும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பவள். விமல்ராஜ் தன் இடத்துக்கு உருண்டு போய்ப் பத்திரிகையில் பெண்ணின் பெயரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அம்மா விரலை டிவிக்கு அருகில் கொண்டுபோய், தொடாமல், வார்த்தை வார்த்தையாகப் பிடித்துக்கொண்டு போனாள். ‘போகவில்லை’ வரைக்கும் போனாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். திரும்பக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

“எடுத்துடு,” என்று ஜெயசுதா கீபோர்டை என் முன்னால் தள்ளினாள்.

நான் கீபோர்டைப் பார்த்தேன். எழுத்துகள் போனில் இருந்த வரிசையில்தான் இருந்தன. ஆனால் கைகள் எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. என் போனை எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் திறந்த குறியிலிருந்து மூடிய குறி வரை விரலால் இழுத்து அழித்தேன். கடைசியில் இருந்தது நீளமாக இருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. திரும்ப ஏற்றினேன். ஜெயசுதா டிவியில் பக்கத்தைப் புதுப்பித்தாள். மண்டபம் முன்னால் இருந்த மாதிரியே இருந்தது. ஒரு இழைகூட மாறவில்லை. ரைட் கிளிக் செய்து உள்ளே பார்த்தாள். பச்சை இல்லை.

“இங்க பாரு பூங்குழலி.” அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். “வேல சுத்தமா இருக்குது. நீயேதான் பண்ணியிருக்க, இனிமே கேக்க மாட்டேன். ஆனா கஸ்டமர் சைட்டு இது. நாள பின்ன நான் பாக்காம ஏத்திட்டன்னு வெச்சிக்கோ, என் பொழப்பு பூடும். எனக்கு இப்ப தெரியணும். இந்த மாதிரி இனிமே எழுதுவியா?”

அம்மா எனக்காகப் பதில் சொல்வாள் என்று நினைத்தேன். எப்போதும் அவள்தான் சொல்வாள். கதவோரம் சத்தமே இல்லை. திங்கட்கிழமை, ஐந்தரை மணி, வேன் எல்லாம் ஞாபகம் வந்தது, யாரோ பட்டியல் வாசிப்பது போல. மாட்டேன் என்று சொன்னால் போதும். அது பொய்யாக இருக்கும்.

“எழுதுவேன்,” என்றேன். “சைட்டுல எழுத மாட்டேன். நோட்டுல எழுதுவேன்.”

“நோட்டுல எழுதிக்கோ, யாரு கேக்கப் போறா?” என்றாள் ஜெயசுதா. பிறகு என்ன சொல்வது என்று தெரியாதவள் போல, “தண்ணி குடிக்கிறியா?” என்று கேட்டாள். கேட்ட பிறகு அவள் முகம் மாறியது. எழுந்து போய் கேனிலிருந்து டம்ளரில் பிடித்துக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தாள். நான் குடித்தேன். ஜில்லென்று இருந்தது, வேறொன்றும் இல்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெயராமன் வெள்ளைச் சட்டையில், கையில் கார் சாவியோடு வந்தார். அம்மா சுவரோடு ஒட்டி வழி விட்டாள். அவர் டிவிக்கு எதிரே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஜோரா கீதே. மல எல்லாம் வந்துருக்குது. அந்த டைனிங் ஹாலுக்கு ஐந்நூறு பேரு உக்காரலாம்னு போட்டியா?”

“போட்டாச்சி மாமா.”

“எரநூறு கார் நிக்கும்னு?”

“அம்பதுதான மாமா நிக்கும்?”

“நீ போடு.” அவர் என்னைப் பார்த்தார். “இந்தப் பொண்ணா பண்ணுச்சி? யாரு வூட்டுப் பொண்ணு?”

“வசந்தா பொண்ணு மாமா.”

“எந்த வசந்தா?”

“அதோ நிக்கிறாங்களே. நம்ம கொல்லைக்கு வருவாங்க.”

“ஓ.” அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டிவியைப் பார்த்தார். “போன்லயே பண்ணுச்சா? பரவால்லியே.”

“திங்கக்கெழமலருந்து இங்கதான் வேல,” என்றாள் ஜெயசுதா. எங்களிடம் அதுவரை அதைச் சொல்லியிருக்கவில்லை. “ஒம்போது மணிக்கு வந்துடணும். மொதல்ல விமலு ஒனக்குக் கீபோர்டு சொல்லிக் குடுப்பான்.”

“நானா?” என்றார் விமல்ராஜ். “ஒரு கண்டிசன். என்னப் பத்தி நோட்டுல எதுவும் எழுதக் கூடாது.”

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். ஜெயராமனுக்குப் புரியவில்லை. எந்த நோட்டு என்று கேட்டார்.

கீழே இறங்கியபோது வெயிலில் கண் கூசியது. ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். நாங்கள் பின்சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா என்னிடமிருந்து போனை வாங்கி எழிலனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, நான் வசந்தா பேசறேன். எம் பொண்ணு வேனுக்கு வர்ல... இல்லப்பா, ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. வேற வேல கெடச்சிடுச்சி... கூட்ரோட்டுல, ஆபீஸ்... ஆமா, ஆபீஸ்தான். நம்பலன்னா வந்து பாரு.” வைத்துவிட்டாள்.

இனி வேன் இல்லை. நான் அதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சந்தோஷமா என்று காத்திருந்தேன். ஆட்டோ கோட்டைப் பக்கம் திரும்பும் வரை எதுவும் வரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் தர்பூசணி சாப்பிட்டுக்கொண்டு சாலையோரம் நின்றார்கள்.

“அந்தத் தண்ணி பாட்டில் பொண்ணு பேரு இன்னா?” என்று அம்மா கேட்டாள். என்னைப் பார்க்காமல், எதிர்சீட்டுக்காரரின் காய்கறிப் பையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அந்தப் பெயரை நான் நோட்டிலும் எழுதியதில்லை. இரண்டு வருடமாக வாயால் சொன்னதும் இல்லை.

“அன்புக்கரசி.”

“எந்த ஊரு?”

“அனந்தபுரம்.”

“ம்.” அம்மா இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “ரெண்டு வருசமா நானு என் கையத் திட்டினு இருந்தேன். கட்டு அவுத்தப்பறம் ஒரு நாளு ராத்திரி, இது வெளங்காத கைன்னு செவுத்துல அடிச்சிருக்கேன். ஒங்க நைனாதான் புடிச்சிகினாரு. ஒனக்குத் தெரியாது, நீ தூங்கினு இருந்த.”

நான் தூங்கவில்லை. அன்று நான் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். எதுவும் சொல்லாமல் படுத்திருந்தேன்.

“நானு முழிச்சிகினுதான் இருந்தேன்மா,” என்றேன்.

அம்மா இப்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். எதிர்சீட்டுக்காரர் காய்கறிப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எங்கள் தெரு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமே ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை.